மலைநாட்டு வீட்டில் சீட்டு மேசைப் பலகை: குறைந்த செலவில் செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சாப்பாட்டு மேசையின் மேல் தூக்கி வைத்து, ஆடி முடிந்ததும் எடுத்து ஓரமாக நிறுத்தி வைக்கும் பலகை இது. மேலே மெத்தென்று துணி போர்த்தியிருக்கும். வெளிநாடுகளில் இதைப் போக்கர் ஆடுவதற்கென்றே விற்கிறார்கள். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்தில் நாங்கள் இதில் அதிகம் ஆடுவது 304 என்கிற சீட்டாட்டம், அதற்கு அடுத்தது ஓமி என்கிற இன்னொன்று. கொழும்பில் வேலை செய்கிற தம்பிமார் தீபாவளிக்கு ஊர் வந்தால் போக்கரும் நடக்கும். எனக்கும் அக்கம்பக்கத்துக்குமாக ஏழு பலகை செய்திருக்கிறேன். பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

மேசையிலேயே ஆடலாமே, இது எதற்கு?

ஆடலாம். வழுவழுப்பான மேசையில் விழுந்த சீட்டை எடுக்க நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும், அதுதான் தொல்லை. 304இல் சீட்டை அடித்துப் போடுவோம், அது வழுக்கிக்கொண்டு எதிரில் இருப்பவர் மடியில் போய் விழும். கீழே கொஞ்சம் மெத்தென்று இருந்தால் விரல் நுனி சீட்டுக்கு அடியில் தானாகவே போகும்.

இடம் இன்னொரு காரணம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அதாவது அறையில், பெரிய வட்ட மேசையை யாரும் நிரந்தரமாகப் போட்டு வைக்க முடியாது. இரண்டரை அடி மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்காரவும் முடியாது. தேவைப்படும்போது மட்டும் பெரிதாகும் மேசை என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் படங்கை விரித்து ஆடினார்களாம். அவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

என்ன அளவில் செய்வது?

யார் ஆடப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 304க்கும் ஓமிக்கும் நான்கு பேர், ஆளுக்கு எட்டுச் சீட்டு, மொத்தம் 32. இதற்கு மூன்றடிக்கு மூன்றடி சதுரம் தாராளம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அது ஆறு கிலோ அளவில் நிற்கும், பிள்ளைகளே தூக்குவார்கள்.

போக்கருக்கு நான்கடிக்கு நான்கடி வேண்டும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் வரிசையாகக் கிடக்கும். ஒரு சீட்டின் அகலம் இரண்டரை அங்குலம், இடைவெளியோடு 14 அங்குலம் அங்கேயே போய்விடும். அதைச் சுற்றிச் சிப்ஸ் என்கிற பந்தயக் காய்களைத் தள்ளவும் இடம் தேவை. நான்கடிச் சதுரத்தின் மூலைகளை வெட்டி எண்கோணமாக்கினால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 அங்குலம் வரும். ஒருவர் வசதியாக உட்கார 24 அங்குலம் வேண்டும். ஆகவே எட்டுப் பக்கம் இருந்தாலும் எட்டுப் பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும், ஆறு பேர் என்றால் நிம்மதி. ஊரில் பத்துப் பேர் கூடினாலும் ஆறு பேருக்கே செய்யுங்கள். மற்றவர்கள் பின்னால் நின்று யோசனை சொல்வார்கள், எப்படியும் அதுதானே நடக்கிறது.

எந்தப் பலகை வாங்குவது?

பிளைவுட், 12 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் இன்னும் உறுதியானது, ஆனால் எண்கோணம் ஒன்பது கிலோவில் இருந்து பதின்மூன்று பதினான்கு கிலோவுக்கு ஏறிவிடும். எட்டடிக்கு நான்கடித் தட்டு ஒன்றில் இரண்டு பலகை செய்யலாம். அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு தட்டு வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் செலவு சட்டென்று இறங்கும். பாதித் தட்டு வெட்டித் தரும் ஹாட்வெயாரும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் மலிவுதான், வழுவழுப்பும் கூட. ஆனால் எங்கள் மழைக்கு அது சரிவராது. ஓரத்தில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிக்கொள்ளும், ஊதியது திரும்ப இறங்காது. சிப்போர்டும் அப்படித்தான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தால் ஆசையாக இருக்கும், ஆனால் மேற்பலகைக்கு அது மெல்லியது. வேறு சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் தட்டை எடுக்கும்போது ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். அங்கேயே வளைந்திருந்தால் வீட்டில் நிமிரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் என்றால் ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை. ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை என்றால் ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை. தேயிலைக்குக் குவாலிட்டி சீசன் என்று சொல்வது இந்த மாதங்களைத்தான். கொழுந்துக்கு மணம் கொடுக்கிற அந்தக் காய்ந்த காற்றுதான் பலகையையும் காய வைக்கிறது. ஹட்டன் இருக்கிற மேற்குப் பக்கத்தில் மே மாதம் பருவமழை பிடித்துவிட்டால், பூசிய வார்னிஷ் மூன்று நாளைக்குப் பிறகும் கையில் ஒட்டும்.

எண்கோணம் வரைய கணக்குத் தெரிய வேண்டுமா?

வேண்டாம், ஒரு நூலும் பென்சிலும் போதும். முதலில் நான்கடிச் சதுரத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடம் நடு. ஒரு மூலையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, பென்சில் கட்டிய மறுமுனை நடுப்புள்ளியைத் தொடும் அளவுக்கு நூலை எடுங்கள். அந்த நீளம் மாறாமல், அந்த மூலையில் சேரும் இரண்டு விளிம்பிலும் ஒவ்வோர் அடையாளம் போடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் எட்டு அடையாளம் வரும். பக்கத்துப் பக்கத்து அடையாளங்களைச் சேர்த்து மூலைகளை வெட்டினால் எண்கோணம் ரெடி. சரிபார்க்க வேண்டுமானால், ஒவ்வோர் அடையாளமும் பக்கத்து மூலையில் இருந்து 14 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும்.

வெட்டும்போது விளிம்பு சிராய் சிராயாகப் பெயர்கிறதே?

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரான கத்தியால் ஒரு தரம் ஆழமாகக் கீறிவிட்டு வெட்டுங்கள். கைவாள் என்றால் நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும். மின்சார வட்ட வாள் என்றால் நல்ல பக்கம் கீழே. வாள் பல் வெளியேறும் பக்கம்தான் பெயரும், அதனால்தான் இந்த மாற்றம். வெட்டி முடிந்ததும் மேல் விளிம்பின் கூரைச் சாண்ட் பேப்பரால் உருட்டிவிடுங்கள், துணி அந்த இடத்தில் கிழியாமல் இருக்கும்.

துணி போர்த்தி மூடப்போகிற பலகைக்கு வார்னிஷ் எதற்கு?

மலைநாட்டில் இந்தப் பலகை கெட்டுப்போவதென்றால் பத்தில் ஒன்பது தடவை இதனால்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரம் ஈரத்தைக் குடித்தால் நாரின் நீளத்தில் அநேகமாக நீளாது, குறுக்கில்தான் ஊதும். பிளைவுட்டில் அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து நேராக நிற்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்தால் அந்த இழுவைச் சமநிலை கெட்டு, பலகை அகப்பை மாதிரிக் குழிந்துவிடும். அடிப்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசி, துணி வருகிற பக்கத்தைச் சும்மா விட்டால் நடப்பது இதுதான்.

நான் செய்த முதல் பலகைக்கு இரண்டு பக்கமும் ஒன்றும் பூசவில்லை. மழை வந்ததும் ஈரமாகிவிட்டதே என்று குசினியில் அடுப்புக்கு மேலே இருந்த பரணில் வைத்தேன். கீழ்ப்பக்கம் சூட்டில் காய்ந்து சுருங்க, மேல்பக்கம் ஈரமாகவே இருக்க, ஒரு வாரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் வளைந்துபோனது. கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தும் நிமிரவில்லை. நல்ல பலகை, அது போனது இன்றைக்கும் எனக்கு மனக்கஷ்டம்தான்.

ஆகவே மேலே, கீழே, ஓரம் மூன்றுக்கும் இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, பூச வேண்டும். சாண்டிங் சீலர் ஒரு கை, வார்னிஷ் ஒரு கை என்றாலும் சரி. ஓரங்களுக்கு மட்டும் மூன்று கை. அங்கேதான் நாரின் வாய்கள் திறந்து கிடக்கின்றன, தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். வீட்டில் மிஞ்சிய எனாமல் பெயின்ட் இருந்தால் அதையே பூசுங்கள். நிறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

மெத்தைக்கு என்ன போடலாம்?

யோகா பாய் செய்கிற, தண்ணீர் குடிக்காத மெல்லிய ஃபோம். ஐந்து ஆறு மில்லிமீட்டர் போதும். கதிரைக்குப் போடும் ஸ்பொஞ்ச் வேண்டாம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தேநீர் சிந்தினால் ஒரு வாரம் காயாது. தடிப்பானதும் வேண்டாம், சிப்ஸ் அடுக்கினால் சாயும். பொருள்களைப் பொதிகிற வெள்ளை ரெஜிபோமை நினைத்தும் பார்க்காதீர்கள், முழங்கை ஊன்றிய இடமெல்லாம் குழி விழும்.

யோகா பாய் இரண்டடி அகலத்தில் வரும். இரண்டை நெருக்கி ஒட்டினால் நான்கடி சரியாக நிறைந்துவிடும்.

துணி? கடைக்காரர் பச்சை ஃபெல்ட் காட்டுகிறார்.

ஃபெல்ட் பார்க்க அழகு. ஆனால் நார் நாராக நூல் விடும், சீட்டு அதில் ஓடாது. எங்கள் ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் போனால் பூஞ்சணம் பூத்துவிடும். நெருக்கமாக நெய்த பொலியெஸ்டர் நல்லது. விளையாட்டு ஜேர்சி தைக்கிற, அதிகம் இழுபடாத வகை கட்பீஸ் கடைகளில் நிறுத்து விற்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணி அது. வாங்கும் முன்பு ஒரு சீட்டைத் துணியின் மேல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். ஓர் அடி தூரம் வழுக்கிப் போய்த் தானாக நிற்க வேண்டும்.

நிறத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி வேண்டாம், மங்கலான லைட்டில் சீட்டு கண்ணுக்குத் தெரியாது. கரும்பச்சை, கருநீலம், மண் நிறம் எல்லாம் சரி.

ஐந்தடி அகலத் துணி என்றால், பலகை 48 அங்குலம், சுற்றி மடிக்கப் பக்கத்துக்கு 4 அங்குலம், ஆக 56. ஒன்றரை மீட்டர் வாங்கினால் போதும். இரண்டு பாதியாகச் செய்வதென்றால் (அதைக் கீழே சொல்கிறேன்) ஒன்றே முக்கால் மீட்டர்.

எந்தப் பசை?

ஃபோமைப் பலகையில் ஒட்டக் குஷன் கடைக்காரர்கள் பூசும் மஞ்சள் பசை போதும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கை வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். வெள்ளை மரப்பசை இந்த இடத்துக்கு ஆகாது. இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் உள்ளே காயாமலே கிடக்கும். துணிக்குப் பசையே வேண்டாம், பூசினால் கறை மேலே ஊறி வரும்.

தயவு செய்து இதைக் கவனியுங்கள். அந்த மஞ்சள் பசையின் ஆவி நெருப்புப் பிடிக்கக்கூடியது. வார்னிஷும் தின்னரும் அப்படித்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அந்த வரிசை முழுவதையும் எரித்த சம்பவங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். விறகடுப்பு, சாமி விளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் எரிகிற இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். வெளியில், வெயிலில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

துணியைச் சுருக்கமில்லாமல் இழுப்பது எப்படி?

துணியைக் கவிழ்த்து விரித்து, அதன் மேல் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்பிள், பிறகு நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில் இழுத்து இன்னொன்று. இப்படி எதிர் எதிராகவே போக வேண்டும். வரிசையாக ஒரே திசையில் அடித்துக்கொண்டு வந்தால் கடைசிப் பக்கத்தில் சுருக்கம் எல்லாம் வந்து சேரும். எண்கோணத்தின் மூலை விரிந்த மூலை என்பதால் ஒரே ஒரு மடிப்பில் அடங்கிவிடும். ஸ்டேப்பிள் கால் எட்டு மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, பன்னிரண்டைத் தொட்டால் மறுபக்கம் குத்தும். ஸ்டேப்ளரைக் குஷன் கடையில் அரை நாளுக்கு இரவல் கேட்டுப் பாருங்கள். நான் ஐந்து பலகையை அப்படித்தான் முடித்தேன்.

மடிக்கிற மாதிரிச் செய்யலாமா?

பிணைச்சல் போட்டு மடிப்பதை நான் விட்டுவிட்டேன். பிணைச்சலை அடியில்தான் போட முடியும். அப்படிப் போட்டால் மடிக்கும்போது அடிப்பக்கங்கள் உள்ளே போய், துணிப் பக்கம் வெளியே வந்து, சுவரில் உரசிக் கெட்டுப்போகும். இரண்டு தனிப் பாதியாகச் செய்யுங்கள். ஒரு பாதியின் அடியில் அரை அங்குலத் தடிப்பு ரீப்பை (மெல்லிய மரச் சட்டம்) இரண்டை, ஓர் ஆறு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முடுக்குங்கள். மறு பாதி அதன் மேல் வந்து உட்காரும். இரண்டையும் நெருக்கிப் பிடிக்க ட்ரங்குப் பெட்டிக்குப் போடும் கொண்டி இரண்டு. ரீப்பை பலகையைத் தூக்கி நிறுத்துவதால், அதே தடிப்பில் இன்னும் நான்கைந்து துண்டுகளை மற்ற இடங்களிலும் வைக்க வேண்டும், அப்போதுதான் ஆடாது. ஸ்குரூ முக்கால் அங்குலம், கூடவே மரப்பசை. அதைவிட நீளமானது மேலே எட்டிப் பார்க்கும்.

ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரியும். ஆட்டத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆடி முடிந்ததும் துணிப் பக்கத்தைத் துணிப் பக்கத்தோடு சேர்த்து வைத்துக் கட்டிவிடலாம். பஸ்ஸில் கொண்டுபோகவும் இதுதான் வசதி.

மேசையில் வழுக்கிப் போகாதா? ஒரு பக்கம் ஊன்றினால் கவிழாதா?

வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ரீப்பைகளின் அடியில் ஒட்டுங்கள். பொலிஷ் போட்ட மேசை என்றால் இடையில் ஒரு துணி விரியுங்கள், ரப்பர் கறை பிடிக்கும்.

கவிழ்வது மேசையின் அகலத்தைப் பொறுத்தது. நான்கடிப் பலகைக்குக் கீழே மூன்றடி மேசை இருந்தால் பக்கத்துக்கு ஆறு அங்குலம்தான் வெளியே நீட்டும், ஒருவர் முழங்கையை ஊன்றினாலும் பலகையின் எடையே பிடித்துக்கொள்ளும். இரண்டரை அடி மேசை என்றால் ஒன்பது அங்குலம் நீட்டும். அந்த நிலையில் யாராவது பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் மறுபக்கம் கிளம்பும். அப்படி இருந்தால் இரண்டு ஜீ கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் மேசைக்கு மூன்றடிச் சதுரத்தைத் தாண்ட வேண்டாம்.

போக்கர் சிப்ஸ் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கரம் போர்டின் காய்கள் நன்றாக அடுக்கலாம், ஆனால் ஒரு செட்டில் 19தான். பெரிய பொத்தான், சோடாப் போத்தல் மூடி, புளியங்கொட்டை எல்லாம் வைத்து ஆடியிருக்கிறோம். தேயிலைக் கொட்டை மட்டும் வேண்டாம், உருண்டு ஓடிவிடும்.

காசு வைத்து ஆடினால் என்ன?

எங்கள் வீட்டுப் பலகையில் காசு வைப்பதில்லை, நான் செய்து கொடுத்த வீடுகளிலும் அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். இலங்கையில் சூதாட்டத்துக்கு எதிராக 1889இலேயே கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள், அது ஒரு காரணம். எனக்குப் பெரிய காரணம் வேறு. பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை கணக்கில் பதிந்தால்தான், சம்பளம் என்று வாழ்கிற வீட்டில், ஓர் இரவு ஆட்டத்தில் போவது பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து. அப்படி இரண்டு வீடு உடைந்ததைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். போக்கரைப் பொத்தான் வைத்து ஆடினாலும் பொய்யாகப் பயமுறுத்துகிற சுவை குறையாது. 304க்குக் காசே தேவையில்லை. ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304 என்று அதன் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஏலம் மாதிரிக் கேள்வி ஏற்றுவதும் துரும்பைக் கவிழ்த்து வைப்பதும் போதாதா, விடியும்வரை இழுக்க?

சீட்டுக்கட்டு எது?

பிளாஸ்டிக் சீட்டு. கடதாசிச் சீட்டு எங்கள் பனியில் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மாதத்தில் குலைக்க முடியாமல் போகும். பிளாஸ்டிக் கட்டுக்கு விலை கூட, ஆனால் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஆண்டுக்கணக்கில் ஆடலாம்.

பலகையை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் இருக்கிற நடுச்சுவரோரம். மழை அடிக்கிற வெளிச்சுவரில் சாத்தினால் ஈரம் நேராக ஊறும். கீழே இரண்டு செங்கல் வைத்து, அதன் மேல் செங்குத்தாக, சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். சரித்துச் சாத்தி மாதக்கணக்கில் விட்டால் அந்தச் சரிவிலேயே வளையும். பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள். பொலித்தீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உரப்பை கையில் இருக்கிறதே என்று அதைப் போடுவார்கள். உரம் காற்றில் இருந்து தண்ணீர் இழுக்கும், ஆகவே நன்றாக அலசிக் காய வைக்காமல் போடாதீர்கள்.

பூஞ்சணம் வந்துவிட்டால்? தேநீர் கொட்டிவிட்டால்?

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் எங்கும் பரவும். வெயில் உள்ள நாளில் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் துடைத்து, லேசான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி வெயில் காட்டுங்கள். பால் தேநீர் கொட்டினால் உடனே ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிளேன்டீ என்றால் அவ்வளவு பயமில்லை, சீனி போட்டதென்றால் மட்டும் ஈரத்துணியால் இன்னொரு தரம். கிளாஸ் வைக்கப் பலகையில் ஓட்டை போடச் சொல்வார்கள், போடாதீர்கள், வெட்டிய ஒவ்வோர் ஓட்டையும் ஈரத்துக்கு ஒரு வாசல். பக்கத்தில் ஒரு ஸ்டூல் வைத்தால் போதும்.

துணி முற்றாகக் கெட்டுவிட்டால் ஸ்டேப்பிள்களைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, துணியை மட்டும் மாற்றுங்கள். அரை நாள் வேலை. ஃபோமும் பலகையும் அப்படியே இருக்கும். துணியைக் கழற்றியதும் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், வார்னிஷ் உரிந்திருந்தால் புதுத் துணிக்கு முன்பு அங்கே ஒரு கை பூசிக் காய விடுங்கள்.